டோல்மா கணவாயில் அப்பரை நினைத்தேன்

கயிலைக்குப் புறப்பட்ட அப்பரடிகள் கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்தார் என்கிறார் சேக்கிழார். உயர்வு நவிற்சி என்றே பல்லாண்டு வகுப்பில் சொல்லிவந்தேன்.

கயிலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீற்றர். அதன் உச்சி டோல்மா கணவாய்; 5,600 மீற்றருக்கு மேல். கடல்மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் பாதியளவே அங்கே. பத்தடி வைப்பேன், நிற்பேன். கடைசி ஏற்றத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கைகளையும் ஊன்றினேன். அருகே திபெத்திய மூதாட்டி ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தெழுந்து, உடம்பாலேயே வழியை அளந்து சென்றார். நெற்றியில் தழும்பு.

அப்பரோ கயிலையை எட்டவில்லை; பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். ஊர் திரும்பியபின் அதே பாடம் வந்தது. அணியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த மூதாட்டியைப் பற்றியே சொன்னேன்.