"பொறு பிள்ளை" என்று சொல்லாதீர்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே சொல்லுகிறோம். அழைப்பிதழ் அடித்து, மண்டபம் எடுத்துச் சடங்கு செய்கிறோம். நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்துக் கவனிக்கிறோம். அதே பிள்ளை பிறகு மாதாமாதம் வயிற்றுக்குத்தில் சுருண்டு படுத்தால், "எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதானே, பொறு பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம்.

மாதவிடாயின் முதல் ஓரிரு நாட்களில் ஓரளவு வலி இருப்பது வழமை. ஆனால் குளிசைக்கும் அடங்காமல், பாடசாலைக்கோ வேலைக்கோ போகவிடாமல் படுக்கவைக்கும் வலி வழமையானதல்ல. அதற்கு ஒரு முக்கிய காரணம் என்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம், கருப்பைக்கு வெளியே சூலகம் முதலிய இடங்களில் வளர்வதே இந்நோய். அங்கே அழற்சி ஏற்படும். நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். மலங்கழிக்கும்போது வலி, தாம்பத்திய உறவின்போது வலி, பிள்ளைப்பேறு தாமதித்தல் ஆகியனவும் இதன் அறிகுறிகளாகலாம்.

இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதமானோருக்கு, அதாவது உலகில் சுமார் 190 மில்லியன் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் போய்விடுகின்றன. பலருக்கு அவை சாதாரண தரமும் உயர்தரமும் எழுதும் ஆண்டுகள்.

"கலியாணமாகாத பிள்ளையை அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால் சனம் என்ன சொல்லும்?" என்று தாய்மார் தயங்குகிறார்கள். அவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். உட்பரிசோதனை கட்டாயமில்லை, வயிற்றின் மேலாக ஸ்கான் செய்யலாம். ஸ்கானில் ஒன்றும் தெரியாததால் மட்டும் நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது. வைத்தியர் தரும் ஓமோன் குளிசை பிள்ளைப்பாக்கியத்தை இல்லாமற் செய்வதில்லை. "ஒரு பிள்ளை பிறந்தால் மாறிவிடும்" என்று அவசரமாகக் கலியாணம் பேசுவது வைத்தியமல்ல. நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லைத்தான். ஆனால் குளிசைகளாலும், தேவையானால் லப்பரொஸ்கோப்பி சத்திரசிகிச்சையாலும் பலருக்கு வலியைக் கட்டுப்படுத்தலாம். இந்நோயுள்ள பலர் தாய்மாராகியும் இருக்கிறார்கள்.

வலி வந்த திகதி, நீடித்த நாட்கள், போட்ட குளிசைகள், தவறிய பாடசாலை நாட்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் மூன்று மாதங்களுக்கு எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். தாங்கமுடியாத வலியென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். ஒருவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லியும் வலி தொடர்ந்தால், இன்னொருவரிடம் கேளுங்கள்.

ஆசிரியர்களே, மாதாமாதம் ஒரே பிள்ளை வராமல் விட்டால் இடாப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமாரே, பெறாமகள் வலியில் படுத்திருக்கிறாள் என்று தொலைபேசியில் கேள்விப்பட்டால், "எத்தனை மாதமாக? யாரிடம் காட்டினீர்கள்?" என்று கேளுங்கள். நாங்கள் வாய்திறந்து கேட்டால்தான் அந்தப் பிள்ளையும் வாய்திறப்பாள்.