வீடு திரும்பிய பின் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?



2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது, முகாமில் கிடைத்த பிஸ்கட்டும் நூடில்ஸும் பசியை ஆற்றின. வீடு திரும்பிய பிறகும் அதையே சாப்பிட்டு வந்தால் பெரியவர்களுக்கு நிறை கூடும். பிள்ளைகளுக்குச் சத்துப் போதாது.

மாத்தளைப் பக்கத்தில் பலாவுக்குப் பஞ்சமில்லை. பின்நேரப் பசிக்கு அவித்த பலாக்கொட்டை, கடலை, கௌபி, வாழைப்பழம், கொய்யா கொடுங்கள். தேத்தண்ணீரோடு சேர்த்து, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சீனி 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. சோடாப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால், அதில் சீனி அதிகம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷவை வீட்டில் எல்லோருக்கும் பங்கிட வேண்டாம். அது அந்தத் தாய்க்கோ பிள்ளைக்கோ உரியது. இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளையை நிறுக்கவில்லையா? இந்த மாதமே மருத்துவமாதுவிடம் கூட்டிப் போங்கள்.