பேனா போனது, பேனாக்கத்தி போகவில்லை



பேனாக்கத்தி என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. பைக்குள் மடக்கி வைக்கும் சிறிய கத்திக்கு அந்தப் பெயர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று கேட்டால், பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஐரோப்பாவில் வாத்தின் இறகைச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தொட்டு எழுதிய காலம் ஒன்று உண்டு. எழுத எழுத நுனி மழுங்கிவிடும். மழுங்கியதைத் திரும்பவும் சீவ, எழுத்தர்களின் மேசையில் ஒரு சின்னக் கத்தி எப்போதும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இரும்பு நிப்பு பரவியதும் இறகுப் பேனா மேசையை விட்டு இறங்கியது. அதைச் சீவிய கத்தி மட்டும் மேசையிலிருந்து சட்டைப் பைக்கு மாறி, பழைய பெயரோடு அங்கேயே தங்கிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து அந்தப் பெயர் தமிழுக்கும் வந்தது.

இறகு போய் நிப்பு வந்தது. நிப்பு போய் குண்டுமுனைப் பேனா வந்தது. இப்போது பலர் பேனாவையே தொடுவதில்லை. கைத்தொலைபேசி ஒன்றே விளக்காகவும் கடிகாரமாகவும் வரைபடமாகவும் பணப்பையாகவும் ஆகிவிட்டது. ஆனால் இணையத்தில் வாங்கிய பொருள் வீட்டு வாசலுக்கு வந்ததும், அந்தப் பெட்டியின் ஒட்டுநாடாவை எத்தனை விலை கொடுத்து வாங்கிய கைத்தொலைபேசியாலும் அறுக்க முடியாது! அந்த இடத்தில் சாவியைத் தேடுவோர் உண்டு. பல்லால் கடிப்போர் அதைவிட அதிகம்.

இதைவிட வேகமான, வலுவான கத்திகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறப்பவை, கட்டை விரலால் தட்டினால் நிமிர்பவை, நிமிர்ந்ததும் இறுகப் பூட்டிக் கொள்பவை என்று எத்தனையோ. அப்படி இருந்தும், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பாணி மடக்குக் கத்தியை விரும்பி வாங்குகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பழைமை மீதுள்ள ஆசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கத்தியின் குறைகள் என்று சொல்லப்படுபவைதாம் அதன் பலம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் உலகெங்கும் அனுப்பிய சாதாரண மடக்குக் கத்தியையே எடுத்துக் கொள்ளுங்கள். பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் இருக்கும். அலகைத் திறந்தால் அந்த வில் அதை அழுத்திப் பிடித்துக் கொள்ளும். பூட்டு எதுவும் கிடையாது. கொஞ்சம் பலமாக எதிர்ப்புறம் அழுத்தினால் அலகு மடங்கிவிடும், விரல் நடுவே இருந்தால் விரலுக்குத்தான் ஆபத்து. திறப்பதற்கு ஒரு கை பிடியைப் பற்ற வேண்டும், மறு கையின் நகம் அலகில் உள்ள சிறு பள்ளத்தில் பதிய வேண்டும். இரண்டு கையும் வேண்டும், ஒரு நொடி நிதானமும் வேண்டும். ஆத்திரத்தில் உருவுவதற்கு இதைப் போல் உதவாத கத்தி வேறில்லை. ஆப்பிளைத் தோலுரிக்க, கயிற்றை அறுக்க, பென்சில் சீவ இதுவே போதும்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம், சவோய் வட்டாரத்தில், கோடரியும் அரிவாளும் அடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஓப்பினெல். 1890-இல், 18 வயதில், உழவர்கள் பைக்குள் வைத்துக் கொள்ளத்தக்க ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். 1897-இல் அதையே 1 முதல் 12 வரை எண்ணிட்டு, பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார். 8-ஆம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். வயலில் வேலை செய்கிறவர், மீன் பிடிக்கிறவர், கூடாரம் அடிக்கப் போகிறவர் என்று எல்லார் பையிலும் அதுதான். பீச் மரப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, அதைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை. 1955-இல் அதன் மேல் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. மொத்தம் ஐந்தே உறுப்புகள். அடிப்படை வடிவம் இன்றுவரை மாறவில்லை.

அலகில் பொறித்திருக்கும் முத்திரை, கிரீடம் சூடிய ஒரு கை. பக்கத்து ஊரான செயின்ட் ஜான் த மொரியன் நகரச் சின்னத்தில் உள்ள ஆசி வழங்கும் கையை எடுத்து, சவோய் நாட்டின் கிரீடத்தை மேலே வைத்தார் ஓப்பினெல். சிறுவர்களுக்கென்று, நுனியை வட்டமாக்கிய 7-ஆம் எண் கத்தியையும் அந்த நிறுவனம் விற்கிறது. கத்தியைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காமல், பிடிக்கக் கற்றுக் கொடுக்கலாம் என்று நினைக்கிற ஊர் அது.

சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியை அறியாதவர் குறைவு. 1891-இல் கார்ல் எல்செனர் தம் நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி வழங்கினார். 1897-இல் அதிகாரிகளுக்கான மெல்லிய கத்தியைப் பதிவு செய்தார். தாயார் விக்டோரியாவின் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானப் பயணிகள் கத்தி கொண்டு போகத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் அந்த வியாபாரம் படுத்தது. அப்போதும் நிறுவனம் ஆட்குறைப்பு செய்யாமல் சமாளித்தது. 2024-இல் அலகே இல்லாத கருவியையும் உருவாக்கி வருவதாக அது அறிவித்தது. கத்தி இல்லாத கத்தி என்றால் சிரிப்பு வரும்தான். அதற்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது.

அந்த அச்சம் ஒரு கத்தியை ஏறத்தாழ அழித்தே விட்ட நாடு ஜப்பான். ஹியோகோ மாநிலத்தின் மிக்கி நகரம் கருவிகளுக்குப் பெயர் போனது. 1890-களில் அங்கே ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி பிறந்தது. ஹிகோ நாட்டுத் தலைவர் என்பது பெயரின் பொருள். பெயர் பெரியது, பொருள் எளியது. தகட்டை மடித்து ஒரு பிடி, அதற்குள் ஓர் அலகு, அலகின் பின்னால் நீட்டிக் கொண்டிருக்கும் சிறு வால். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அந்த வாலைக் கட்டை விரல் அழுத்திக் கொண்டிருக்கும் வரை கத்தி திறந்திருக்கும், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியதும், மூங்கிலில் பம்பரமும் காற்றாடியும் செய்ததும் அதை வைத்துத்தான்.

1960 அக்டோபர் 12-இல் தோக்கியோவில், ஜப்பானிய சோஷலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமா மேடையில் பேசிக் கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து பாய்ந்த 17 வயது இளைஞன் அவரைக் குத்திக் கொன்றான். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சி நாடு முழுவதும் காட்டியது. பிள்ளைகள் கையில் கூர்மையான பொருள் கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பள்ளிப் பைகளிலிருந்து ஹிகோனோகாமி வெளியேறியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இளைஞன் ஏந்தி வந்தது குட்டையான சாமுராய் வாள். பென்சில் சீவும் கத்தி அல்ல. வாளின் பழியைப் பென்சில் கத்தி சுமந்தது.

மிக்கியில் ஒரு காலத்தில் பல பட்டறைகள் இந்தக் கத்தியைச் செய்தன. கடைசியில் அந்தப் பெயரை முத்திரையிடும் உரிமையோடு மிஞ்சியது நாகாவோ குடும்பத்தின் ஒரே பட்டறை. பென்சில் சீவும் இயந்திரம் வந்ததும் இன்னொரு காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். இதில் இன்னும் வேடிக்கை இருக்கிறது. 1956-இல் ஒசாக்காவில் யோஷியோ ஓக்காடா என்பவர், மழுங்கிய நுனியைச் சாக்லெட் கட்டி போல் ஒடித்து எறிந்துவிட்டுப் புது நுனியால் வெட்டும் தாள்வெட்டும் கத்தியைக் கண்டுபிடித்தார். இன்று உலகத்தில் அது இல்லாத அலுவலகம் இல்லை. மலேசியாவில் எந்தப் புத்தகக் கடையிலும் சில வெள்ளிக்கு வாங்கலாம். ஹிகோனோகாமியை விட அது கூர்மை குறைந்தது அல்ல. ஒரே கையால், ஒரே விரலால் வெளியே வரும். அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் அது பிளாஸ்டிக் பிடியோடு, எழுதுபொருள் கடையின் முகத்தோடு வந்தது. பயம் எப்போதும் கூர்மையை அளந்து பார்த்து வருவதில்லை.

நாகானோ மாநிலத்தில் இக்கேடா என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளி ஒன்று 1980-களில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. முதலாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹிகோனோகாமி. ஆசிரியர் முன்னிலையில் பிள்ளைகள் தங்கள் பென்சிலைத் தாங்களே சீவுவார்கள். ஆறு, ஏழு வயதுக் கைகள். சின்னச் சின்னக் கீறல்கள் ஏற்படத்தான் செய்யும். கத்தி வெட்டும் என்பது அந்தப் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல. தமிழ்ப்பள்ளிகளில் ஒரு காலத்தில் சவர பிளேடால் பென்சில் சீவியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

சட்டங்களும் இந்தக் கத்தியைத் தனியாகத்தான் பார்க்கின்றன. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் அலகு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. பூட்டிக் கொள்ளும் கத்தி அந்த விலக்கில் சேராது என்று பின்னர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஜெர்மனியில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரே கையால் திறந்து பூட்டிக் கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது என்றது. முன்னோர் வேறு வழி தெரியாமல் பூட்டின்றிச் செய்த கத்திக்கு, அந்தப் பூட்டின்மையே உரிமம் ஆகிவிட்டது.

மலேசியாவில் நிலைமை வேறு. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாயகர ஆயுதங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு கடுமையானது. சட்டபூர்வ நோக்கமின்றிப் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்ததாக நிரூபிக்கப்பட்டால் 5 முதல் 10 ஆண்டுகள் சிறை, அதோடு பிரம்படி. பாராங் கத்தியோடு அலையும் குண்டர்களை அடக்க அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. வெட்டுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் மடக்குக் கத்தியின் அழகைப் பேச முடியுமா? ஆனால் நோக்கம் என்ன என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர். மீன் தூண்டில் பெட்டியில், பழத்தோட்டத்துக்குப் போகும் பையில் இருக்கும் கத்திக்கு நோக்கம் தன்னால் தெரியும். நள்ளிரவில் சாலைத் தடுப்பில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் அதே கத்தி கிடந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்த இளைஞர்தான். ஆகவே இந்த நாட்டில் இதை விரும்புகிறவர்கள் வேலை இருக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்துச் செல்வதே நல்லது. வேலை முடிந்தால் கத்தி வீட்டு இழுப்பறைக்குத் திரும்ப வேண்டும். விமானப் பயணம் என்றால் கைப்பையில் அல்ல, சரக்காகப் போடும் பெட்டியில்.

கத்தியை அன்பளிப்பாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று பிரான்சிலும் பிரிட்டனிலும் ஒரு நம்பிக்கை உண்டு. வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசு கொடுத்துவிடுவார், விலைக்கு வாங்கியதாகக் கணக்கு. தமிழர் குடும்பங்கள் பலவற்றில் கத்தியைக் கையோடு கை கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்தால்தான் எடுப்பார்கள். இரண்டும் தூரத்து ஊர்ப் பழக்கங்கள், பயம் ஒன்றுதான். இப்படிக் காசு கொடுத்து வாங்கிய கத்தி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்து சேர்ந்த வீடுகள் சவோய்ப் பக்கம் ஏராளம். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கும், பிடியில் ஒருவர் விரல் பட்ட இடம் மட்டும் குழிந்திருக்கும்.

வாங்க நினைக்கும் நேயர்களுக்கு இந்த ஊர் வெப்பநிலை பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய பாணிக் கத்திகளில் கார்பன் எஃகு அலகு தீட்டுவதற்கு எளிது, கூர்மையும் நன்றாக நிற்கும். ஆனால் மாங்காய், எலுமிச்சை வெட்டினால் கறுக்கும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் இரண்டே நாளில் துரு. கறுப்பினால் கெடுதல் இல்லை, துருவுக்கு இடம் கொடுக்கக் கூடாது. வெட்டியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். தொல்லையே வேண்டாம் என்பவர்கள் துருப்பிடிக்காத அலகைக் கேட்டு வாங்கலாம். மரப்பிடி மழைக்காலத்தில் ஈரம் குடித்து வீங்கும், அலகை இறுகப் பிடித்துக் கொண்டு வெளியே விடாது. அதற்காக நகத்தை ஒடித்துக் கொள்ள வேண்டியதில்லை. சவோய் உழவர்கள் மடங்கிய கத்தியின் பிடி முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகின் நுனி கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு இரண்டு விரலால் இழுத்துக் கொள்ளலாம்.