கவலையும் இளைப்பாறுதலும்
(கோவிற்பட்டியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கவலையும் அதினின்று மனிதன் இளைப்பாறும் வழியும் என்பதாம். வரவு செலவும் பிள்ளைகளின் கல்வி நிதியும் பேசவேண்டிய இடத்தில் இஃதென்ன பக்திப் பிரசங்கம் என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் கவலையால் ஒருவரேனும் இரவுத் தூக்கத்தை இழக்காத வீடு நம்முள் அருமையே. நமது சங்கத்தார் யாவரும் ஒரே மார்க்கத்தாரல்லர். நாம் கிறிஸ்தவர்; ஆகையால் கிறிஸ்துநாதரிடம் கற்றதையே சொல்லுதல் நேர்மையாகும். ஏனையோர் தங்களுக்குப் பயன்படுவதை ஏற்றுக்கொள்வார்களாக.

நமது பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நட்ட இரு கற்களின்மேல் ஒரு கல் கிடத்தப்பட்டிருக்கும். தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவன், பிறர் கைகொடாமல் தானே சுமையை அதன்மேல் இறக்கிவைத்து, சற்றே இளைப்பாறி, மறுபடியும் எடுத்துச் செல்வதற்காக நம் முன்னோர் அதனை நாட்டினார்கள். உடலின் சுமையை இறக்கக் கல் நாட்டிய நாம், மனத்தின் சுமையை எங்கே இறக்குகிறோம்? அதைத் தலையில் வைத்துக்கொண்டே உண்கிறோம், அதோடே படுக்கிறோம், விடியுமுன் அதோடே எழுகிறோம்.

இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்கவேண்டும். கருத்து வேறு, கவலை வேறு. நிலத்தை உழுவதும், நல்ல விதை தேடுவதும், கடனுக்குத் தவணை குறிப்பதும், மகளுக்கு வரன் விசாரிப்பதும் கருத்து. அது கடமை. அவையெல்லாம் செய்து முடித்தபின், மழை வருமா வராதா, வரன் வீட்டார் என்ன நினைப்பார்களோ, நாம் இறந்தால் பிள்ளைகள் என்னாவார்களோ என்று இரவெல்லாம் புரளுவது கவலை. கருத்து நம் பங்கு. கவலையோ கடவுளின் பங்கை நாம் எடுத்துச் சுமக்க முயல்வது. அச்சுமை நம் தோளுக்கு அளந்து செய்யப்பட்டதன்று. ஆதலால்தான் அது நம்மை முறிக்கின்றது.

இதனை நாம் ஏட்டில் மாத்திரம் கற்றோமல்லோம். ஒரு வருஷம் புரட்டாசியில் பெய்த முதல் மழையை நம்பி நமது கரிசல் முழுவதும் விதைத்தோம். பயிர் நாலு இலை விட்டது. பிறகு இருபது நாளுக்குமேல் ஒரு துளியும் இல்லை. நிலம் பாளம் பாளமாய் வெடித்தது. பயிர் கண்முன்னே சுருண்டது. விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடனோ வட்டியோடு வளர்ந்தது. இரவுதோறும் எழுந்து முற்றத்தில் நின்று கீழ்வானத்தைப் பார்ப்பது நமக்கு வழக்கமாயிற்று. ஓரிரவு நமது இல்லாள் விளக்கோடு வந்து நின்று, “மேகத்துக்கும் நீங்கள்தாம் காவலா? நேற்று முழுவதும் விழித்திருந்தீர்களே, அதனால் ஒரு துளி பெய்ததா?” என்று கேட்டாள். நமக்குக் கோபம் வந்தது. ஆனால் விடை வரவில்லை. அன்று நாம் முழந்தாளில் நின்று, பயிரையும் கடனையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புவித்தோம். அவ்வருஷம் வெள்ளாமை வரவில்லை என்பதையும் மறையாமல் சொல்லுகிறோம். ஆனால் அன்றிரவு தூங்கினோம். தூங்கி எழுந்த மனத்தோடு கடன்காரரிடம் நேரே சென்று தவணை கேட்கத் தைரியம் பிறந்தது. அதுவரை அவருக்கு அஞ்சி வேறு தெருவழியாய்ச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

நம்பிக்கை என்பது சோம்பல் என்று எண்ணுகிறவர்களுக்கு நமது கரிசற்காடே உத்தரம் சொல்லும். இவ்வூரிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மானாவாரி நிலத்துக்கு அது எடுத்துக்கூறிவரும் முறைகளுள் ஒன்று, பருவமழைக்கு முன்னரே புழுதியில் விதைத்தல். விதையை மருந்து கரைத்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கடினப்படுத்தி, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இடுகிறார்கள். ஆழமாயிருப்பதால் ஒரு தூறலுக்கு அது ஏமாந்து முளைப்பதில்லை. நிலம் நனையும் மழை வந்தபின்னரே முளைக்கின்றது. இதில் மனிதன் செய்யத்தக்க யாவும் உண்டு. ஆயினும் மூடிய விதையின்மேல் மழையை இறக்க அவனால் ஆகாது. அறிந்ததைச் செய்து, ஆகாததைக் கடவுளிடம் விட்டு, காய்ந்த மண்ணில் விதையை மூடிவிட்டு வீடு திரும்பி உறங்குகிறவனே விசுவாசி.

கிறிஸ்துநாதர் மலையின்மேல் இருந்து உபதேசித்தபோது, வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, அவற்றைப் போஷித்து உடுத்தும் பரமபிதா உங்களை மறப்பாரோ என்ற கருத்தில் பேசினார். நாளைய துன்பத்தை இன்றே இழுத்துப் போட்டுக்கொள்ளவேண்டாம் என்றும் போதித்தார். வேறோரிடத்தில், சுமையால் இளைத்தவர்களைத் தம்மிடம் அழைத்து, தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளும்படி கூறினார். உழவரான நாம் இதைக் கவனிக்கவேண்டும். இளைத்தவனுக்கு அவர் படுக்கையைக் காட்டவில்லை, நுகத்தைக் காட்டினார். நமது ஏர்நுகம் இரண்டு கழுத்துக்கு உரியது. பழகிய வலிய மாட்டோடு இளங்காளையைப் பூட்டினால் பாரத்தைப் பெரும்பாலும் வலியதே இழுக்கும். வேலை நிற்பதில்லை, தனிமைதான் நீங்குகின்றது.

இவ்வாறு வாழ்ந்த ஒருவர் நமது சீமையிலேயே இருந்தார். அவர் ராக்லாந்து ஐயர். 1815-ஆம் ஆண்டில் ஜிப்ரால்டரில் பிறந்து, 1841-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக் கணிதப் பரீட்சையில் நான்காமவராய்த் தேறியவர். சுகமான உத்தியோகம் அங்கேயே இருந்தது. அதை விட்டு இந்தியாவுக்கு வந்து, சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் காரியதரிசியாய் ஊழியம் செய்தார். பின்பு 1854-இல், ஃபென், மெடோஸ் என்னும் இரு தோழரோடு, அந்நாளில் வடதிருநெல்வேலி எனப்பட்ட சிவகாசிச் சீமைக்கு வந்தார். பங்களா கட்டாமல் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராய்ச் சென்றார். தெற்கே உள்ள சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து அவர்களோடு நடந்தார்கள்.

கரிசல் வெயிலில் கூடாரவாசம் எத்தகையது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. அவரோ மார்பு நோயுள்ளவர். சென்ற ஊர்களில் கேட்டவர் சிலர். விசுவாசித்தவர் அதினும் சிலர். நான்கு வருஷத்துக்குச் சற்று மேலாக இவ்வாறு உழைத்தபின், 1858-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி, சிவகாசியில் திடீரென்று இரத்தம் வெளிப்பட்டு உயிர் நீத்தார். வயது 43. நமது கணக்கில் அது ஐப்பசித் தொடக்கம். கரிசற்குடியானவன் விதையை மண்ணிலிட்டு வானத்தை நோக்கும் காலம். அவரும் விதைத்தார், அறுவடையைக் காணவில்லை. அதற்காக அவர் தம் ஊழியத்தை விட்டு ஓடவுமில்லை. கணக்குக் காட்டும் அவசரத்தில் ஊழியத்தின் தன்மையை மாற்றவுமில்லை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து மடிந்தாலன்றிப் பலன் தராது என்ற வேதக் கருத்தே அவருக்கு ஆதாரமாயிருந்தது. பலன் தம் பொறுப்பன்று என்று அறிந்தவனுக்கே இத்தகைய அமைதி கூடும். வடதிருநெல்வேலியிற் பிற்காலத்தில் எழுந்த சபைகளுக்கு அவர் இட்ட அடிப்படை இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகின்றது.

இவருடைய சரித்திரத்தை 1922-இல் ஆங்கிலத்தில் எழுதியவர், மேற்கு மலையடிவாரத்தில் டோனாவூரில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். எழுதிய பாடத்தை அவரும் படிக்கவேண்டி வந்தது. 1931-இல் ஒரு குழியில் விழுந்து காயமுற்று, 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே அடைபட்டுக் கிடந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பொறுப்பு. ஓடியாட உடல் இல்லை. ஆயினும் படுக்கையிலிருந்தே பல நூல்கள் எழுதினார். பிள்ளைகளை மற்றவர் கையில் ஒப்புவிக்கக் கற்றார். தாமில்லாமற் காரியம் நடவாது என்று எண்ணும் குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, இந்தப் பாடம் நமக்கும் உண்டு.

கடவுளை நம்பினால் கஷ்டம் வராது என்று நாம் சொல்லவில்லை. கிறிஸ்துநாதர்தாமே கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டார். ஆகையால் கலங்குகிறவனை நோக்கி, உனக்கு விசுவாசம் இல்லை என்று குற்றம் சாட்டுவது பாவமாகும். அது சுமைக்காரன் தலையில் மேலும் ஒரு கல்லை ஏற்றுவதாம். எலியா தீர்க்கதரிசி மனமுடைந்து, சாகவேண்டுமென்று ஒரு செடியின் கீழ்ப் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டான். உபதேசம் அதற்குப் பின்னரே வந்தது. சரீரமும் கடவுள் படைத்ததே. வாரக்கணக்காய்த் தூக்கமும் பசியும் கெட்டு, நெஞ்சு படபடத்து, உயிரை வெறுக்கும் நினைவு வருமாகில், ஜெபத்தோடு வைத்தியரிடமும் செல்லவேண்டும். அது நோய், அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. ஜுரத்துக்கு மருந்துண்பது அவிசுவாசமாகாததுபோல இதுவும் ஆகாது.

இனி, இதைச் சங்கத்தில் பேசுவதன் காரணத்துக்கு வருகிறோம். நம் முன்னோர் வியாபாரத்தில் விற்கும் சரக்குக்கு மகமை எடுத்து, பொதுநிதி சேர்த்து, பள்ளிக்கூடமும் கிணறும் சாவடியும் உண்டாக்கினார்கள். ஒருவன் சுமையைப் பலர் தாங்குவது நமக்குப் புதிதன்று. ஆயினும் இக்காலத்தில் கடன்பட்டவன் முதலில் மறைப்பது உறவினரிடமே. கௌரவம் போய்விடும் என்று தனித்து வெந்து, சிலர் மீளாத முடிவுக்கும் போகிறார்கள். விதைப்புக்கும் மழைக்கும் நடுவிலுள்ள நாட்களில், உங்கள் தெருவில் முகம் வாடியிருப்பவர் யார் என்று பாருங்கள். ஒரு பொழுது அவர் திண்ணையில் உட்காருங்கள். புத்தி சொல்ல விரையாதீர்கள், கேளுங்கள். கடவுள் தாங்குகிறார் என்பதை அவர் நம்புவதற்கு, முதலில் மனிதர் தாங்குவதை அவர் காணவேண்டும்.

ஒவ்வொருவரும் இன்றிரவே செய்யத்தக்கது ஒன்றுண்டு. படுக்குமுன் அன்றைய பாரங்களைப் பேர்பேராய்ச் சொல்லுங்கள். நாளைக்கு நம் கையாற் செய்யவேண்டியது எது என்று பிரித்து வையுங்கள். மீதியை, பெற்ற நன்மைகளுக்கு நன்றி செலுத்தி, ஆண்டவர் கையில் இறக்குங்கள். பவுல் அப்போஸ்தலர் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் காட்டும் வழி இதுவே. நடுநிசியில் அச்சுமை மறுபடியும் தலைக்கு ஏறும், மறுபடியும் இறக்குங்கள். ஒரே நாளில் கைவராது. சுமைதாங்கியும் சாலைக்கு ஒன்று மாத்திரம் நாட்டப்படவில்லையே.

ஐப்பசி மேகங்களைத் தம் கையில் வைத்திருக்கிற பிதா, நமது வீடுகளையும் அதே கையில் வைத்துக் காத்து, நம் யாவருக்கும் அமைந்த மனமும் இனிய உறக்கமும் அருள்வாராக.