கூடிக் குறையும் குவாசர் வெளிச்சம்



ஏப்ரல் மாதத்தில் இஷா தொழுதுவிட்டுக் கல்முனைக் கடற்கரைக்குப் போனால், கிழக்கே கடலுக்கு மேலே நீலம் கலந்த வெள்ளையாய் ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் சித்திரை. அது இருக்கும் கன்னி ராசியில் 3சி 273 என்ற குவாசரும் (வெகுதொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் வான்பொருள்) இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1963இல் மார்டன் ஷ்மிட் என்ற வானியலாளர், அது வெகுதொலைவில் இருப்பதைக் கண்டறிந்தார்; இன்றைய கணக்குப்படி 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். அவ்வளவு தூரம் தாண்டியும் தொலைநோக்கிக்கு எட்டுகிறதென்றால், நமது பால்வீதி முழுவதையும் மிஞ்சிய பிரகாசம் அது.

அதே ஆண்டு, ஹார்வர்டில் கிடந்த பழைய படத்தகடுகளைத் தேடிப் பார்த்தார்கள். அந்த வெளிச்சம் மாதக்கணக்கில் கூடிக் குறைந்து வந்திருந்தது!

இதில் ஏன் இவ்வளவு வியப்பு? பெருநாள் திடலில் மைக் நின்றுபோன ஒரு தொழுகை எனக்கு நினைவிருக்கிறது. இமாமின் தக்பீர் முன் ஸஃப்புக்குக் கேட்டது. நடுவில் நின்றவர் அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் கடைசி ஸஃப்பில் நாங்கள் ருகூவுக்குக் குனிந்தோம். கூட்டம் நீள நீளத் தாமதமும் நீளும். ஒளிக்கும் இதே கணக்குத்தான். கடந்து செல்ல ஒளிக்கே லட்சம் ஆண்டு பிடிக்கும் பால்வீதி போன்ற ஒன்று, சில மாதத்தில் மொத்தமாக மங்க வழியே இல்லை. ஆகவே குவாசரின் வெளிச்சம் மிகச் சிறிய இடத்திலிருந்து புறப்படுகிறது.

அந்த இடத்தில் இருப்பது, சூரியனைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு நிறையுள்ள கருந்துளை. சுற்றிலும் வாயு தட்டுப்போலச் சுழன்று, உராய்ந்து, கொதித்து உள்ளே விழுகிறது. தட்டு கொந்தளித்தால் வெளிச்சமும் ஏறி இறங்கும். கருந்துளையருகிலிருந்து பீறிடும் தாரை நம் பக்கம் திரும்பியிருந்தால் மணிக்கணக்கிலேயே மாறும். 2015இல் வெளியான ஆய்வொன்று, பத்தே ஆண்டில் ஒரு குவாசர் அணைந்துவிடும் அளவுக்கு மங்கியதைக் காட்டியது. அவ்வளவு பெரிய தட்டு வற்ற ஆயிரக்கணக்கான ஆண்டு பிடிக்கும் என்றல்லவா நம்பியிருந்தார்கள்!

அதே ஏப்ரல் இரவில் தலைக்கு மேலே கடக ராசி. அங்குள்ள, குவாசர் வகையைச் சேர்ந்த ஓஜே 287 சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பொங்கும். பெரிய கருந்துளையின் தட்டைச் சிறிய கருந்துளை ஒன்று துளைத்துப் போகிறது என்பது ஒரு விளக்கம். அதை வைத்து, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்த குழு, 2019 ஜூலை 31இல் அது அடுத்துப் பொங்குமென்று முன்கூட்டியே சொன்னது. அன்று அது சூரியன் இருந்த திசையிலேயே இருந்ததால் பூமியிலிருந்து பார்க்க முடியவில்லை. விண்வெளியிலிருந்த ஸ்பிட்சர் தொலைநோக்கி பார்த்தது. சொன்ன நேரத்துக்குச் சில மணி வித்தியாசத்தில் வெளிச்சம் ஏறியது.