ட்றவுட் மீனும் மலைச்சரிவும்



நுவரெலியாவையும் ஹோட்டன் சமவெளியையும் அறிந்தவர்களுக்கு ட்றவுட் என்னும் மீனின் பெயர் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தூண்டில் விளையாட்டில் விருப்புற்ற ஆங்கிலேயர் அம்மீனைக் கடல் கடந்து கொணர்ந்து, நமது மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளிலே விட்டனர். கண்ட நீரில் எல்லாம் வாழும் மீன் அன்று அது. அது வாழத்தக்க நீரை மனிதர் எவ்வாறு கெடுத்தனர், பின்னர் எவ்வாறு மீட்டனர் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள கூன் பள்ளத்தாக்கின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

ட்றவுட் மீனுக்கு நீர் குளிர்ந்திருத்தல் வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசைத் தாண்டுமாயின் அது வருந்தத் தொடங்கும். நீரிலே ஒட்சிசன் மிகுந்திருத்தலும் வேண்டும். பெண்மீன் ஓடையின் அடியிலுள்ள பரற்கற்களை வாலினால் விலக்கிக் குழி செய்து, அதிலே முட்டையிடுகின்றது. முட்டைகள் பொரிக்கும் வரையில் கற்களின் இடைவெளிகளுக்கூடாகத் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருத்தல் அவசியம். சேறு படிந்து அவ்விடைவெளிகளை அடைத்துவிடுமாயின், முட்டைகள் மூச்சடைத்து அழியும். மீன் உண்ணும் பூச்சிகளுட் பலவும் அக்கற்களிடையேதான் வளர்கின்றன. இறகையும் நூலையும் கொண்டு தூண்டில் முள்ளிலே பூச்சியின் உருவைச் செய்து மீன் பிடிப்போர், ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்ப்பது இதனாலேயே.

கூன் பள்ளத்தாக்கு செங்குத்தான குன்றுகள் சூழ்ந்தது. பாறைகளிலிருந்து ஊறும் குளிர்ந்த ஊற்றுக்களே அதன் ஓடைகளுக்கு உயிர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நோர்வே நாட்டவரும் பிறரும் ஆங்கு குடியேறிக் கமஞ்செய்தனர். உழைப்பாளிகளாகிய அம்மக்கள் சரிவுகளையும் உழுதனர். எஞ்சிய காட்டிலே மாடுகளை மேயவிட்டனர். குளம்பு பட்டு இறுகிய நிலத்தினுள் மழைநீர் இறங்கவில்லை. அது மேல்மண்ணை வாரிக்கொண்டு பள்ளத்தாக்கை நோக்கிப் பாய்ந்தது. வயல்களிலே ஆழ்ந்த வெடிப்பள்ளங்கள் தோன்றின, ஊற்றுக்கள் சுருங்கின, ஓடையின் பரற்கற்கள் சேற்றின் கீழ் மறைந்தன. மீன்குஞ்சுகளைக் கொணர்ந்து விடுவதால் மட்டும் அத்தகைய ஓடை மீண்டும் மீன் வாழும் ஓடை ஆகிவிடாது.

1933ஆம் ஆண்டில் ஹியூ பெனற் என்பார் தலைமையில் அமைந்த மண்ணரிப்புச் சேவை, ஓடையொன்றின் நீரேந்து பரப்பு முழுவதையும் ஒன்றாகக் காக்கும் தன் முதல் முயற்சிக்கு இப்பள்ளத்தாக்கையே தெரிந்தெடுத்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்டோ லியோபோல்ட் அம்முயற்சிக்கு ஆலோசனை கூறி உதவினார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. செங்குத்தான சரிவுகளுக்கு வேலியிட்டு மாடுகளை விலக்குமாறு கமக்காரரிடம் கேட்கப்பட்டது. மேய்ச்சல் நிலத்தை இழப்பது பால் விற்று வாழும் குடும்பத்துக்குச் சிறு காரியமன்று. ஆயினும், நானூறுக்கு மேற்பட்ட கமக்காரர் ஐந்தாண்டு உடன்படிக்கையிலே கையொப்பமிட்டனர். அரசு விதையும் உரமும் சுண்ணாம்பும் வேலிக்கம்பியும் வழங்கியது. தொழிலற்ற இளைஞர் முகாம்களிலிருந்து வந்து வேலி கட்டினர், மரம் நட்டனர், வெடிப்பள்ளங்களை அடைத்தனர். மேலிருந்து கீழாக உழும் வழக்கம் கைவிடப்பட்டு, குன்றின் சமவுயரக் கோட்டை ஒட்டிப் புல்லும் தானியமும் மாறிமாறிப் பட்டி பட்டியாகப் பயிரிடப்பட்டன.

பலன் ஓராண்டில் வரவில்லை. மழைநீர் மெல்ல மெல்ல நிலத்துள் இறங்கத் தொடங்கியது. பல ஆண்டுகளில் வெள்ளங்களின் கடுமை தணிந்தது. கோடையிலும் ஊற்றுநீர் ஓடைக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் சேறு நிறைந்திருந்த ஓடைகளிலே ட்றவுட் தானாகவே முட்டையிட்டுப் பெருகும் நிலை உண்டாயிற்று. இன்று தூரத்து நகரங்களிலிருந்தும் தூண்டிற்காரர் அங்கு வருகின்றனர்.

எனினும், ஒருமுறை காத்தது என்றென்றைக்கும் காத்தது ஆகாது. சிறு பாற்பண்ணைகள் குறைந்து, புல் வளர்ந்த நிலங்கள் பல சோளத்துக்கும் சோயா அவரைக்கும் மாறியுள்ளன. 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே ஓரிரவு கொட்டிய பெருமழையில், கூன் ஓடையின் கிளைகளில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டப்பட்டிருந்த அணைகளுள் மூன்று உடைந்தன. அதன் பின்னர், மேட்டு நிலத்திலே மழையை எவ்வாறு தாங்குவது என்னும் பழைய கேள்வியை அவ்வூரார் மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று.

தூண்டிற்காரன் தான் பிடித்த மீனை ஊறு செய்யாது நீரில் விடலாம். கரையிலே குப்பை போடாதிருக்கலாம். இவை நற்பழக்கங்களே. ஆயினும், தூண்டிலை ஒருபோதும் கையில் எடுத்திராத கமக்காரன் ஒருவன் குன்றின் உச்சியிலே தன் ஏரை எந்தத் திசையில் திருப்புகின்றான் என்பதிலேயே கீழே ஓடும் ஓடையின் கதி தங்கியிருக்கின்றது. சரிவுகளிலே தேயிலையும் மரக்கறியும் பயிரிடும் நமது மலைநாட்டுக்கும் இது பொருந்தும்.