ஏன் கூடாது?



காரைக்கால் கடற்கரையில் வளர்ந்த ஒருவன் வடதுருவப் பனிக்கடலைப் பற்றிப் பேசப் புகுவது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். நம்மூர் ஏறக்குறைய பதினோராவது வடஅட்சத்தில் இருக்கிறது. துருவமோ தொண்ணூறாவது பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள். எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். இருந்தபோதிலும், அந்தப் பனிக்கும் நமது அரசலாற்று முகத்துவாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் தந்தையார் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பள்ளியில் பயின்றவர். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்தியாவோடு இணைந்த பின்னரும், அவர் நாவிலிருந்து பிரெஞ்சு மொழி அகலவில்லை. நான் எதையேனும் செய்யத் தயங்கினால் "பூர்க்குவா பா?" என்பார். "ஏன் கூடாது?" என்பது அதன் பொருள். அது ஒரு கப்பலின் பெயர் என்பதையும் அவரே கூறினார். ழான் பாத்தீஸ்து ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர், தொழிலை விட்டுத் துருவ ஆராய்ச்சியில் இறங்கியவர், தம் கப்பலுக்கு வைத்த பெயர் அது. 1908இல் அதில் ஏறித் தென்துருவப் பகுதிக்குச் சென்றார். பிற்காலத்தில் கிரீன்லாந்துக் கடல்களை ஆராய்ந்தார். 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் ஐஸ்லாந்து அருகே புயலில் சிக்கிக் கப்பல் பாறையில் மோதியது. ஷார்கோவும் உடனிருந்தோரும் மாண்டனர். ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். இந்த இடம் வரும்போது என் தந்தையாரின் குரல் தாழ்ந்துவிடும். புயலும் கடலும் இன்னவென்று நமக்குத் தெரியாதா?

ஷார்கோவின் பெயரைத் தாங்கிய ஒரு பனியுடைக்கும் கப்பல் இன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அது வடதுருவத்தை அடைந்தது. அதற்கு முன்னோடிகள் ருஷ்யர்கள். 'ஆர்க்திகா' என்ற அவர்களது அணுசக்திக் கப்பல் 1977 ஆகஸ்டு 17ஆம் நாள் துருவத்தைத் தொட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு அவ்விடத்தை எட்டிய முதற் கப்பல் அதுவே. 1990 முதல் பணம் கொடுத்த பயணிகளையும் ஏற்றிச் செல்லத் தொடங்கினார்கள்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன் இப்போது பாரிஸ் நகருக்கு அருகே வாழ்கிறான். பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு ஒரு கோடையில் அத்தகைய கப்பலில் சென்று வந்தான். பொங்கலுக்கு ஊர் வந்தபோது என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைச் சொன்னான்.

"கத்திபோல் அறுத்துக்கொண்டு போகும் என்றுதான் நினைத்திருந்தேன், ஐயா. அப்படி இல்லை," என்றான். கப்பலின் முகம் கூராக இராது. சரிந்து, உருண்டு, கரண்டியின் அடிபோல் இருக்கும். எந்திரம் தள்ளத் தள்ள, முகப்பு பனியின்மீது ஏறி உட்காரும். கீழே நொறுக்குவது கப்பலின் எடைதான். அப்பளத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி மிகத் தடித்திருந்தால், கப்பல் பின்வாங்கி, மறுபடி ஓடிவந்து ஏறும். இரவும் பகலும் அந்த நொறுங்கும் ஒலி அறைக்குள் கேட்டுக்கொண்டே இருக்குமாம். முதல் நாள் அவனுக்கு உறக்கம் வரவில்லை. நான்காம் நாள் ஒலி நின்றபோதுதான் திடுக்கிட்டு விழித்தானாம்!

துருவத்தில் நிலம் கிடையாது. இரண்டு மூன்று மீட்டர் பனி; அதன்கீழே நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான கடல். பயணிகள் அந்தப் பனித்தளத்தில் இறங்கி ஒரு வட்டம் நடந்து, உலகத்தைச் சுற்றி வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தார்களாம். காரைக்காலம்மையார் தலையால் நடந்து கயிலையை அடைந்த ஊரில் பிறந்தவனுக்குக் காலால் நடந்தது பெரிதா என்று கேலி செய்தேன்.

ஆனால் அவன் சிரிக்கவில்லை. "ஐயா, பின்தளத்தில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பரப்பின் நடுவே நாங்கள் வந்த வழி கறுப்பாகக் கிடந்தது. பார்க்க வந்ததையே உடைத்துக்கொண்டு வந்திருக்கிறோமே என்று மனம் உறுத்தியது," என்றான்.

இதற்கு நான் உடனே விடை கூறவில்லை. ஏனெனில் இதே மாணவன் முன்பு ஒருமுறை என்னைத் திருத்தியவன். வடதுருவப் பனி உருகினால் கடல் மட்டம் உயர்ந்து காரைக்காலுக்குள் புகும் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். அவன் எழுந்து, "மிதக்கும் பனி எப்படி ஐயா உயர்த்தும்?" என்றான். மறுநாள் ஒரு கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டிகளைப் போட்டு, விளிம்புவரை நீர் நிரப்பி மேசைமீது வைத்தோம். கட்டி முழுதும் கரைந்தது. ஒரு சொட்டும் வழியவில்லை. ஆர்க்கிமிடீஸ் விதியைப் போதித்த நானே அதை மறந்திருந்தேன். கடலை உயர்த்துவது நிலத்தின்மேல் கிடக்கும் பனி. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்கள் ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரும். அது இன்றோ நாளையோ நடப்பதன்று. எனினும், நம் ஊர் கடலுக்குச் சில மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் மிதக்கும் பனி போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது. வெண்பனி சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கருங்கடல் விழுங்கிக்கொள்ளும். பனி குறையக் கடல் சூடேறும். கடல் சூடேறப் பனி மேலும் குறையும். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் செப்டம்பர் மாதத்தில் எழுபது லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் எஞ்சியிருந்த பனி, 2012இல் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. நம் பருவமழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது நம் நாட்டு அறிவியலார் ஆராயும் கேள்வி. அதற்காகவே 2008 ஜூலை முதல் நாள், நார்வேக்குரிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2014இல் அருகிலுள்ள கடற்கழியில் நீருக்குள் ஒரு கருவித் தொகுதியையும் இறக்கினார்கள்.

ஆகவே அவனிடம் சொன்னேன்: "தம்பி, நீ கண்ட அந்தக் கறுப்பு வழி பனித்துண்டுகளால் விரைவில் மூடிக்கொள்ளும். பனியைக் கரைப்பது கப்பலின் முகப்பன்று. காற்றில் ஏறிய கரிப்புகை. வாஞ்சூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும், நீ பாரிஸிலிருந்து வந்த விமானமும், நான் போடும் மின்விசிறியும் அதில் பங்குடையவை." போகாமல் இருந்திருக்கலாமோ என்று கேட்டான். கேளிக்கைக்காக ஆயிரக்கணக்கானோர் அங்கே போவதை நான் விரும்பவில்லை. ஆனால் அவன் போனதற்கு வருந்தவும் என்னால் இயலவில்லை. என் தந்தையாரின் சொல் நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்றிரவு இருவரும் கடற்கரைக்குச் சென்றோம். கடலைப் பார்த்து நின்று இடப்புறம் திரும்பினால் வடக்கு. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அளவு ஏறக்குறைய பத்துப் பாகை. அடிவானத்தில் முட்டியை வைத்தோம். அதற்குச் சற்று மேலே, மங்கலாகத் துருவ நட்சத்திரம் தெரிந்தது. "அங்கே இது உன் தலைக்கு நேர் மேலே நின்றிருக்குமே?" என்றேன்.

"நின்றிருக்கும், ஐயா. ஆனால் நான் பார்க்கவில்லை. இருந்த நாளெல்லாம் சூரியன் மறையவே இல்லையே!" என்றான்.